பின்சக்கர டிரம் பிரேக்கை வீட்டில் வைத்தே மாற்றலாமா?

கேட்டவர் வள்ளியூர்ப் பக்கத்துத் தம்பி. எட்டு வருஷம் ஆன சின்ன கார், முன்சக்கர இழுவை, 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிரேக்கை மிதித்தால் பின்னால் கரகரவென்று சத்தம். ஹேண்ட்பிரேக்கை முழுக்க மேலே இழுத்தால்தான் வண்டி நிற்கிறது. பட்டறையில் இரண்டு தடவை கேபிளை இறுக்கிக் கொடுத்தார்களாம். மூன்றாம் தடவை போனபோது "மொத்த செட்டையும் மாத்தணும்" என்றார்களாம். பிரேக் ஷூவை வாங்கி வீட்டில் வைத்து நானே மாற்றலாமா, எங்கே தப்பு நடக்கும் என்பது கேள்வி.

மாற்றலாம், தம்பி. முதல் தடவை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும். அடுத்த தடவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் ஷூவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற வார்ப்பிரும்புக் கிண்ணம்; அதன் உட்சுவரில் அழுந்தி நிறுத்துகிற வளைந்த பட்டைதான் ஷூ. டிரம்முக்குள் ஷூதான் கண்ணில் படும் சாமான். வண்டியை நிறுத்துவதும் நிறுத்தாமல் விடுவதும் பெரும்பாலும் அதைச் சுற்றியிருக்கிற சில்லறைச் சாமான்கள்தான்: ஸ்பிரிங், அட்ஜஸ்டர், ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர். உங்கள் வண்டியில் என்ன நடந்திருக்கும் என்பதை அந்த "இரண்டு தடவை கேபிள் இறுக்கின" கதையே பாதி சொல்லிவிட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொள்வோம். ஆனி மாசம் நெல்லையப்பர் தேர் ஓடும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டையைத் திணிப்பது ஒரு ஆள். ஆனால் அவ்வளவு பெரிய தேரை அந்த ஆளா பிடித்து நிறுத்துகிறார்? உருண்டு வருகிற சக்கரமே கட்டையைத் தனக்கு அடியில் இழுத்து, இறுக்கி, தானே மாட்டிக்கொள்கிறது. டிரம் பிரேக்கில் முன்பக்கம் இருக்கிற ஷூவும் அப்படித்தான். நீங்கள் மிதித்ததும் வீல் சிலிண்டர் அதை டிரம்மோடு தொட வைக்கிறது. வண்டி முன்னால் போகும்போது சுற்றுகிற டிரம் அந்த ஷூவைத் தன் பக்கம் இன்னும் இழுத்துக்கொள்கிறது. பின்பக்கம் இருக்கிற ஷூவை அதே டிரம் தள்ளிவிடப் பார்க்கும். அதனால்தான் பல வண்டிகளில் முன்பக்க ஷூ சீக்கிரம் தேயும். திறந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே அளவில் தேயவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ரிவர்ஸில் போகும்போது இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும்.

இந்தச் சுயமாக இழுத்துக்கொள்கிற குணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஷூவில் துளி எண்ணெய் பட்டாலோ, ஒரு பக்கம் துரு பிடித்து ஒட்டிக்கொண்டாலோ, அந்தச் சக்கரம் மட்டும் வெடுக்கென்று பிடித்துக்கொள்ளும். மழை ரோட்டில் வண்டியின் பின்புறம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஆகவே எதை மாற்றினாலும் இடது, வலது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் நன்றாக இருக்கிறது, அதை விட்டுவிடலாம் என்ற கணக்கு பிரேக்கில் வேண்டாம்.

சரி, கேபிள் விஷயம். ஷூ தேயத் தேய டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் இடைவெளி கூடும். அதை ஈடுகட்டத்தான் உள்ளே அட்ஜஸ்டர் இருக்கிறது. சில வண்டிகளில் பல் வைத்த பட்டை, சிலவற்றில் நட்சத்திரம் மாதிரிப் பல்சக்கரம் வைத்த திருகு. சிலது கால் பிரேக் மிதிக்கும்போது நகரும், சிலது ஹேண்ட்பிரேக் இழுத்து விடும்போது நகரும். எப்படி இருந்தாலும் ஒரு நிபந்தனை பொது: ஹேண்ட்பிரேக்கை இறக்கியிருக்கும்போது, பின் ஷூவோடு சேர்ந்திருக்கிற, ஹேண்ட்பிரேக் கேபிள் இழுக்கிற நெம்புகோல் முழுக்கப் பின்னால் போய் ஓய்வு நிலையில் உட்கார வேண்டும். கேபிளை இறுக்கினால் அது உட்காராது. பாதி இழுத்த நிலையிலேயே நிற்கும். அப்புறம் அட்ஜஸ்டர் எட்ட வேண்டிய அடுத்த பல்லை எட்டாது. ஹேண்ட்பிரேக் இரண்டு வாரம் நன்றாக இருக்கும், கால் பிரேக் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். மறுபடி கேபிளை இறுக்குவார்கள். கடைசியில் ஷூமேல் ஒட்டியிருக்கிற உராய்வுப் பட்டையான லைனிங் தீர்ந்து இரும்பு டிரம்மில் உரசும். உங்களுக்குக் கேட்கிற கரகர அதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் திறந்து பாருங்கள். டிரம்மும் கீறியிருக்கக்கூடும்.

திறப்பதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை. வண்டி நின்றபடி இன்ஜினை ஓடவிட்டு பிரேக்கை மிதியுங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே மிதிக்கும் இரண்டாவது மிதியில் மேலேயே நின்றால் ஷூ இடைவெளி அதிகம் என்று அர்த்தம். எத்தனை தடவை மிதித்தாலும் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் ஓடுகிற லைனில் காற்று. மிதித்தபடி வைத்திருக்கும்போது மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, இல்லை என்றால் பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரே போய்விட்டது. மாஸ்டர் சிலிண்டர் என்றால் அது வேறு வேலை. ஷூ மாற்றி அது சரியாகாது.

வாங்க வேண்டியவை: இரண்டு பக்கத்துக்குமான ஷூ செட், ஸ்பிரிங் கிட், இரண்டு வீல் சிலிண்டர், அரை லிட்டர் பிரேக் ஆயில், பிரேக் கிளீனர் ஸ்பிரே ஒன்றிரண்டு, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் சின்ன டியூப். வீல் சிலிண்டரை முன்கூட்டியே வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறந்து பார்த்துக் கசிவைக் கண்டுபிடித்தால் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு உதிரிபாகக் கடையும் திறந்திருக்காது. தேவைப்படாவிட்டால் பெட்டி பிரிக்காமல் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரரிடம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் கிட்டை யாரும் வாங்குவதில்லை. நான் வாங்கச் சொல்வேன். எட்டு வருஷம் சூட்டில் வெந்த ஸ்பிரிங் பார்க்க நன்றாக இருக்கும், இழுவை போயிருக்கும். ஷூ டிரம்மை விட்டு முழுக்க விலகாமல் உரசிக்கொண்டே ஓடும்.

பிரேக் ஆயில் எது என்பது வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும், டாட் 3 அல்லது டாட் 4. புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும் டாட் 4 குறைந்தது 230 வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகு அது 140, 155 என்று இறங்கிவிடுகிறது. மாஞ்சோலை ரோட்டில் மேலேயிருந்து மணிமுத்தாறு வரைக்கும் இரண்டாவது கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குகிறவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் அர்த்தம் தெரியும். திறந்து வைத்த பாட்டில் போன வருஷத்து மீதி என்றால் ஊற்ற வேண்டாம். டாட் 5 என்பது சிலிக்கோன். அது வேறு ஜாதி, கலக்கக்கூடாது.

சாமான் என்று பார்த்தால் வீல் ஸ்பேனர், நல்ல ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், ரிங் ஸ்பேனர் செட், மூக்கு பிளேயர், பெரிய ஸ்குரூ டிரைவர், மர அல்லது ரப்பர் சுத்தியல், கொஞ்சம் எமரித் தாள், பனியன் வேஸ்ட். ஸ்பிரிங் இழுக்கத் தனிக் கருவி கிடைக்கும். என்னிடம் இருப்பது பைக்கின் பழைய கிளட்ச் கேபிள் துண்டை வளையமாக மடித்து ஒரு மரப்பிடியில் கட்டினது. ஸ்பிரிங் கொக்கியில் மாட்டி இழுத்தால் பிளேயரைவிட நன்றாக வரும், கையும் கிழியாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் நழுவினால் நேராக முகத்துக்குத்தான் வரும்.

வண்டியைத் தூக்குவதில் நம் ஊர் மண்ணை மறந்துவிடாதீர்கள். வள்ளியூர், நாங்குநேரிப் பக்கச் செம்மண் முற்றம் கோடையில் சிமென்ட் மாதிரி இருக்கும். ஐப்பசி மழைக்கு அப்புறம் ஜாக்கி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கும். ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தட்டையாக இழைத்த பனங்கைத் துண்டு அல்லது கனமான பலகை வையுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் வேண்டாம். அவை பாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். திசையன்விளைப் பக்கத் தேரி மணலில் இந்த வேலையையே செய்யாதீர்கள். யாராவது சொந்தக்காரர் வீட்டு சிமென்ட் தளத்துக்குப் போங்கள்.

பின்சக்கரம் கழற்றும்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கியாக வேண்டும். அப்படியானால் வண்டியைப் பிடித்துக்கொள்வது எது? உங்கள் வண்டி முன்சக்கர இழுவை என்பதால் முதல் கியரில் போட்டால் முன்சக்கரம் பிடித்துக்கொள்ளும். கூடவே முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. இதையே ஆம்னி, ஈக்கோ மாதிரி பின்சக்கர இழுவை வண்டியில் செய்கிறவர்கள் கவனிக்க: கியர் பிடிப்பது பின்சக்கரத்தை, அதுவோ அந்தரத்தில் இருக்கிறது. அங்கே முட்டுக்கட்டை மட்டும்தான் காவல்.

வீல் நெட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஜாக்கியை வண்டி அடியில் அதற்கென்று இருக்கிற இடத்தில் மட்டும் கொடுக்க வேண்டும். பின் ஆக்சில் நடுவில் கொடுக்காதீர்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியைக் கையால் ஒரு குலுக்குக் குலுக்கிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் அடியில் இல்லாதபோது விழட்டும்.

இப்போது டிரம். இரண்டு வகை உண்டு. சக்கரத்தைக் கழற்றினதும் நடுவில் சின்னத் தகர மூடி, அதற்கடியில் பெரிய நெட்டு என்று இருந்தால் பேரிங் டிரம்மோடு சேர்ந்தது. அந்த நெட்டைக் கழற்றியாக வேண்டும்; திரும்பப் போடும்போது பெரும்பாலும் புது நெட்டு, அதுவும் இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரென்ச்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு. டார்க் ரென்ச் இல்லை என்றால் இந்த வகை வண்டியை வீட்டில் தொட வேண்டாம். குறைவாக இறுக்கினாலும் அதிகமாக இறுக்கினாலும் பேரிங் போகும். நடுவில் நெட்டு இல்லை, டிரம் சும்மா வீல் நெட்டு மாட்டுகிற ஸ்டட் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால் வேலை சுலபம். டிரம் முகத்தில் மரை வெட்டின இரண்டு ஓட்டை இருந்தால் அதில் 8 மி.மீ. போல்ட் இரண்டை மாறி மாறிக் கால் கால் சுற்றாக இறுக்குங்கள். டிரம் தானாகவே வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

வரவில்லையா? முதல் காரணம் துரு. உவரி, கூடங்குளம், இடிந்தகரைப் பக்கம் ஓடுகிற வண்டி என்றால் உப்புக் காற்றில் நடு வளையம் ஒட்டியிருக்கும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, பத்து நிமிஷம் விட்டு, ஸ்டட்டுகளுக்கு நடுவே உள்ள முகப்பில் மரச்சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஓரத்தில் இரும்புச் சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு விண்டுவிடும். இரண்டாவது காரணம், டிரம் தேய்ந்து உள் ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு விளிம்பு உண்டாகி, ஷூ அதில் மாட்டிக்கொள்வது. அப்போது ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்தி, ஷூவெல்லாம் பொருத்தியிருக்கிற பின் தகட்டில் ரப்பர் அடைப்பு போட்ட ஓட்டை வழியாக அட்ஜஸ்டரைப் பின்னால் திருப்ப வேண்டும். கேபிளைத் தளர்த்துவது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். இரண்டு தடவை இறுக்கினதைத் திருப்ப வேண்டுமே.

டிரம் வெளியே வந்ததும் கறுப்புப் பொடி நிறைய இருக்கும். ஊதாதீர்கள், கம்பிரசரில் காற்றும் அடிக்காதீர்கள். வெள்ளைக் கல்நாருக்கு (ஆஸ்பெஸ்டாஸ்) நம் நாட்டில் முழுத் தடை இல்லை. பழைய லைனிங்கிலும் மலிவான லைனிங்கிலும் அது இருக்கலாம். சோப்புத் தண்ணீரையோ பிரேக் கிளீனரையோ தாராளமாக அடித்து, கீழே ஒரு தட்டு வைத்து ஈரமாகவே வழித்தெடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது. நல்ல மாஸ்க் வேண்டும். எங்கள் காலத்தில் பட்டறையில் வாயாலேயே ஊதிக்கொண்டிருந்தோம். வண்ணார்பேட்டையில் நான் வேலை பழகின பட்டறையில் மேஸ்திரி பீடியையும் அணைக்காமல் ஊதுவார். அதையெல்லாம் பழக்கம் என்று சொல்ல வேண்டாம்.

கழற்றுவதற்கு முன்னால் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். அதைவிட முக்கியம், ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டை என்று சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாக இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் ஷூவைத் தகட்டோடு பிடித்திருக்கும் சின்ன ஸ்பிரிங்கும் அதன் ஆணி போன்ற பின்னும். பின்பக்கம் விரலால் பின்னைத் தாங்கிக்கொண்டு, முன்னால் மூடியை அமுக்கிக் கால் சுற்று திருப்பினால் கழன்றுவிடும். அப்புறம் ஷூக்களின் கீழ்முனையை அதன் இருக்கையிலிருந்து வெளியே இழுத்துக் கீழ் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள். இப்போது மேல்முனைகளை வீல் சிலிண்டரிலிருந்து விலக்கினால் ஷூ, அட்ஜஸ்டர், ஸ்பிரிங் எல்லாம் ஒரே கூட்டமாகக் கையில் வந்துவிடும். கடைசியாக ஹேண்ட்பிரேக் கேபிளின் முனையை நெம்புகோலிலிருந்து கழற்றுங்கள். கூட்டத்தை அப்படியே ஒரு பழைய செய்தித்தாளில் அது இருந்த மாதிரியே படுக்க வையுங்கள். புது ஷூவைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் தவற வழியில்லை. நெம்புகோல் பழைய பின் ஷூவிலிருந்து புதியதற்கு மாற வேண்டியிருக்கும். அதன் லாக் வாசர் நெகிழ்ந்திருந்தால் புதிது போடுங்கள்.

அட்ஜஸ்டர் திருகு வகையாக இருந்தால் இடது வலது மாறக்கூடாது. ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. மாற்றிப் போட்டால் ஒவ்வொரு மிதிக்கும் அது விரிவதற்குப் பதிலாகச் சுருங்கும். நான் ஒரு தடவை இரண்டையும் ஒரே டப்பாவில் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுக் கழுவினேன். எது எந்தப் பக்கம் என்று மறந்துபோயிற்று. மாட்டி ஓட்டினால் நாலே நாளில் பெடல் தரைக்கு வந்துவிட்டது. மறுபடி இரண்டு பக்கமும் பிரித்தேன். அதற்கப்புறம் பெயின்ட் தொட்டு அடையாளம் வைத்துவிட்டுத்தான் கழுவுகிறேன். கழுவின பிறகு மரையில் ஒரு பொட்டு கிரீஸ். விரலால் சுற்றினால் தடங்கலில்லாமல் ஓட வேண்டும். துருப்பிடித்து நகராமல் நிற்கிற அட்ஜஸ்டர்தான் பாதி வண்டிகளில் எல்லாத் தொல்லைக்கும் வேர்.

வீல் சிலிண்டரை இப்போது பாருங்கள். இரண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் தொப்பியின் ஓரத்தை மெதுவாகத் தூக்குங்கள். உள்ளே வெறும் ஈரக்கசிவு மாதிரி பளபளத்தால் கண்டுகொள்ள வேண்டாம். சொட்டாக வந்தால் மாற்றியே தீர வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் நான் யோசிக்காமல் மாற்றுவேன். சிந்துபூந்துறையில் என் அக்கா வீட்டு வண்டி அப்போது தண்ணீரில் நின்றது. வெளியே கழுவிக் கொடுத்தார்கள், ஓட்டமும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் கழித்து டிரம்மைத் திறந்தால் உள்ளே தாமிரபரணி வண்டல் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. ரப்பர் தொப்பிக்குள்ளும் மண். பிஸ்டன் ஒரு பக்கம் நகரவே இல்லை. அவ்வளவு நாளும் அந்தச் சக்கரம் அரைப் பிரேக்கில்தான் ஓடியிருக்கிறது.

சிலிண்டரைக் கழுவ பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. உள்ளே இருக்கிற ரப்பர் உப்பிவிடும். பிரேக் ஆயில் அல்லது பிரேக் கிளீனர் மட்டும். பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஷூ லைனிங்கில் பட்டால் துடைத்துச் சரியாகாது. அந்த ஷூ குப்பைக்கு.

இன்னொன்று. டிரம் கழன்று கிடக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது. ஒரு தடவை என் மருமகப் பிள்ளை, ஏழெட்டு வயசுப் பையன், "மாமா நானும் ஓட்டுறேன்" என்று ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துவிட்டான். இரண்டு பிஸ்டனும் தெறித்து விழுந்தன. பிரேக் ஆயில் முழுதும் முற்றத்துக் கோலத்தில். அவனைத் திட்டவும் முடியாது, கதவைப் பூட்டாதது நான்தானே. அன்றிலிருந்து டிரம்மைக் கழற்றினதும் சிலிண்டரைச் சுற்றி ஒரு கட்டுக்கம்பி கட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

பின் தகட்டில் ஷூ உட்கார்ந்து நகர்கிற சின்ன மேடுகள், ஒரு ஷூவுக்கு மூன்று இருக்கும். எமரித் தாளால் தேய்த்துத் துடைத்து, தீக்குச்சி முனையளவு பிரேக் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் சூட்டில் உருகி லைனிங்குக்குப் போய்விடும். மேடு தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டி மாட்டி 'டக்' என்று சத்தம் போடும். நிறையப் பேர் அதை சஸ்பென்ஷன் சத்தம் என்று நினைத்துக்கொண்டு அலைகிறார்கள்.

டிரம்மின் உட்புறத்தை நகத்தால் தடவுங்கள். மெல்லிய கோடுகள் பரவாயில்லை, எமரித் தாளால் குறுக்காகத் தேய்த்துப் பளபளப்பை மட்டும் எடுத்தால் போதும். நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும், இரண்டையும் ஒரே அளவுக்கு. டிரம்மிலேயே அதிகபட்ச உள்விட்டம் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் புது அளவைவிட 1 அல்லது 2 மி.மீ. கூட. கடைந்த பிறகு அதைத் தாண்டுமானால் புது டிரம். லேத்காரர் "இன்னும் ஒரு கோட்டு எடுத்தா கண்ணாடியாயிடும் அண்ணாச்சி" என்பார், கேட்காதீர்கள். மெலிந்த டிரம் சூட்டில் விரியும், விண்டும் போகலாம்.

மாட்டுவது கழற்றினதன் திருப்பம்தான். கேபிளை நெம்புகோலில் மாட்டி, கூட்டத்தை மேல்முனையில் சிலிண்டரிலும் கீழ்முனையில் இருக்கையிலும் உட்கார வைத்து, பின்களைப் போட்டு, கடைசி ஸ்பிரிங்கை அந்தக் கிளட்ச் கேபிள் வளையத்தால் இழுத்து மாட்டுங்கள். ஷூ பட்டைகள் நடுவில் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். லைனிங்கில் கை அழுக்கு படாமலிருக்க அதன்மேல் காகித டேப் ஒட்டிவிட்டு, டிரம் போடும்போது உரித்துவிடலாம்.

இப்போது முதலில் ஷூவைத்தான் சரிசெய்ய வேண்டும், கேபிள் கடைசி. அட்ஜஸ்டரை ஒவ்வொரு பல்லாக விரித்து டிரம்மைப் போட்டுப் போட்டுப் பாருங்கள். டிரம்மைக் கையால் சுற்றினால் 'ஸ்ஸ்' என்று லேசாக உரசிக்கொண்டு சுற்ற வேண்டும், நிற்கக்கூடாது. இரண்டு பக்கமும் முடிந்தபின் பெடலை இருபது முப்பது தடவை மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் சில தடவை இழுத்து விடுங்கள். அதற்கப்புறம் கேபிள்: ஐந்து முதல் ஏழு சொடுக்குக்குள் பிடிக்க வேண்டும், முழுக்க இறக்கினால் சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம்.

வீல் சிலிண்டரை மாற்றியிருந்தால் காற்று எடுக்க வேண்டும். சிலிண்டருக்கு ஆயில் கொண்டுவருகிற பைப்பின் நெட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகி முனை மழுங்கடித்தவர்கள் ஏராளம். பைப்புக்கென்று இருக்கிற, நெட்டை ஐந்து பக்கமும் பிடிக்கிற ஸ்பேனரை வாங்குங்கள் அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். நெட்டு துருப்பிடித்து பைப்போடு சேர்ந்து முறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். பைப் உடைந்தால் வண்டி டோயிங் வண்டியில்தான் போகும்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். வீல் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற இருக்கிற நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றின பாட்டிலில் முக்கி வையுங்கள். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடித்துக்கொண்டு "மிதிச்சாச்சு" என்று சொன்ன பிறகு நிப்பிளைத் திறக்க வேண்டும்; மூடின பிறகு நீங்கள் "விடு" என்று சொன்னால்தான் அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். வீட்டம்மாவோடு இந்த வேலையைச் செய்கிறவர்கள் முன்கூட்டியே வார்த்தைகளைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் "விடு" என்பதை "விட்டுடாத" என்று கேட்டு ஒரு மத்தியானம் போயிற்று. குமிழ் நின்று சுத்தமான ஆயில் வரும்வரை தொடருங்கள், நடுநடுவே மேலே டப்பாவில் அளவு பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். டப்பா காலியானால் முதலிலிருந்து. பழைய வண்டியில் பெடலைத் தரைவரை அடிக்காமல் பாதி வரைக்கும் மிதிக்கச் சொல்லுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் இத்தனை வருஷம் ரப்பர் போகாத இடத்தில் துரு இருக்கும், அது ரப்பரைக் கிழித்துவிடலாம். எடுத்த பழைய ஆயிலைப் பாளையங்கால்வாயிலோ வீட்டு வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள்; பழைய இன்ஜின் ஆயில் எடுக்கிற பட்டறையில் அதற்கென்று தனியாகக் கேனில் கொடுங்கள்.

வண்டியை நகர்த்தும் முன்னால் பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் சாவியைத் தொட வேண்டாம். நின்றால், ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் நடக்கிற வேகத்தில் போய் ஒரு பிரேக், அப்புறம் இருபதில் ஒன்று, நாற்பதில் ஒன்று. நாற்பதிலிருந்து மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை வேகம் குறைத்து, நடுவில் ஆறவிட்டு ஓட்டினால் புது லைனிங் டிரம்மோடு பழகும். முதல் இருநூறு கிலோமீட்டர் வரை சட்டென்று அடிக்கும் தேவை வராத மாதிரி ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். பின்சக்கரங்களில் ஒன்று மட்டும் அனல் அடித்தால் ஷூ விலகவில்லை, அல்லது அந்தப் பக்கத்துக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பவில்லை. வீல் நெட்டுகளை நூறு கிலோமீட்டரில் மறுபடி ஒரு தடவை சரிபாருங்கள்.

ஹேண்ட்பிரேக்குக்கு என் பரீட்சை எப்போதும் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின் ஏற்றம்தான், திட்டம் போட்டு இல்லை. அங்கே சாயங்காலம் ஏறினால் எப்படியும் பாதி ஏற்றத்தில் நிற்க வேண்டி வரும். பின்னால் பஸ் ஒட்டி நிற்கும்போது ஆறு சொடுக்கில் வண்டி அசையாமல் நின்றால் வேலை சரி.

உங்கள் வண்டி கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறதென்றால் ஒன்று கூடுதலாக: மழையில் நனைந்தோ கழுவியோ நிறுத்துகிற அன்று ராத்திரி ஹேண்ட்பிரேக்கைப் போடாமல், சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிடுங்கள். காலையில் டிரம்மோடு ஷூ ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிற தொல்லை இருக்காது.

ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது, பின் தகடே துருவில் அரித்திருக்கிறது, அல்லது நடுவில் நெட்டு வைத்த டிரம், டார்க் ரென்ச் இல்லை என்றால் இந்த வேலையைப் பட்டறைக்கு விடுங்கள். அங்கே விட்டாலும் டிரம் திறக்கும்போது கூட நின்று பாருங்கள். ஸ்பிரிங்கும் அட்ஜஸ்டரும் என்ன நிலையில் இருக்கின்றன என்று கேளுங்கள். நீங்களே செய்வதாக இருந்தால், சக்கரத்தைக் கழற்றினதும் நடுப்பகுதியை ஒரு படம், டிரம்மைக் கழற்றினதும் அட்ஜஸ்டரை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வகை, எந்தப் பக்கம் திருப்பினால் விரியும் என்று பார்த்துச் சொல்கிறேன்.